டெல்டாவில் ஒரு ஜாஸ் மணிநேரம்: நாயனக்காரர்களோடு சேர்ந்து வானொலி நிகழ்ச்சி நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

சமுதாய வானொலியில் வாரம் ஒரு மணி நேரம் ஜாஸ் போடப் போகிறேன் என்று சொன்னபோது, நிலையத்தில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, “கேட்கிறதுக்கு ஆள் இருக்கா?” நியாயமான கேள்விதான். கும்பகோணத்தைச் சுற்றி அலைவரிசை எட்டுகிற தூரம் முழுக்கச் சலித்தாலும் ஜாஸ் பிரியர்கள் ஒரு டீக்கடை பெஞ்சை நிரப்ப மாட்டார்கள். ஆனால் அதே எல்லைக்குள், ஜாஸ்காரர்களைப் போலவே மேடையில் அந்த நிமிடத்தில் தோன்றுவதை வாசித்தே பிழைக்கிறவர்கள் எத்தனை பேர்! நாயனம், தவில், கிளாரினெட், பேண்டு செட். அவர்களை என் முதல் நேயர்களாக வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்த இசைத்தட்டைப் போடுவது என்ற குழப்பமே பெரிதாக வரவில்லை.

நீங்களும் இப்படி ஒரு நிகழ்ச்சி தொடங்க நினைத்தால், நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். சில இடங்களில் நான் சறுக்கிய வரிசையும் அதுதான்.

முதலில் நிலையம், நேரம்

தனிமனிதருக்குச் சமுதாய வானொலி உரிமம் கிடைக்காது. கல்வி நிறுவனங்கள், லாப நோக்கமில்லாத அமைப்புகள், வேளாண் அறிவியல் நிலையங்கள் போன்றவற்றுக்குத்தான் தருவார்கள். ஆகவே புதிதாக நிலையம் தொடங்கும் கனவை ஒதுக்கிவிட்டு, இருக்கிற நிலையத்தில் ஒரு மணி நேரம் கேளுங்கள். டெல்டாவில் வல்லத்தில் பெரியார் வானொலி, நாகப்பட்டினம் பக்கம் விழுந்தமாவடியில் களஞ்சியம் வானொலி என்று உதாரணங்கள் உண்டு. 100 வாட் அளவுதான் இவற்றின் சக்தி. சமவெளியில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போகும். போதும். உங்கள் நேயர் சைக்கிளில் வந்து உங்களைத் திட்டிவிட்டுப் போகக்கூடிய தூரம் அது.

நிலையக்காரரிடம் பேசும்போது “உலக இசை” என்று ஆரம்பிக்காதீர்கள். ஒலிபரப்பில் குறைந்தது பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்போடு தயாரானதாக இருக்க வேண்டும் என்பது சமுதாய வானொலி விதி. வாரா வாரம் ஓர் உள்ளூர் வாத்தியக்காரரின் பதிவு கொண்டுவருகிறேன் என்று சொல்லுங்கள். அந்த விதி இருப்பதால் மறுக்க அவருக்கு மனம் வராது.

நேரத்தைப் பொறுத்தவரை எட்டிலிருந்து ஒன்பது மணி வரை சீரியலோடு மல்லுக்கட்டாதீர்கள். விடியற்காலை முகூர்த்தத்துக்குப் போகிறவர் பத்து மணிக்கு மேல் விழித்திருக்க மாட்டார். ஞாயிறு இரவு ஒன்பதுதான் எங்களுக்குச் சரிப்பட்டது. மறுநாள் மதியம் மறு ஒலிபரப்பு வையுங்கள். முகூர்த்தம் முடித்து, சாப்பிட்டு, வேனில் ஊர் திரும்புகிற செட்டுகள் கேட்பது அதைத்தான்.

ஜாஸ் இந்த ஊருக்கு அந்நியமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருங்கள். வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்.

1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலத்திலேயே அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியங்கள் ஒலித்தன. அந்தச் சூழலில்தான் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வயலினைக் கையில் எடுத்தார். கிளாரினெட் சதிர்க் கச்சேரிக்குள், அதாவது பரதநாட்டியத்தின் பழைய வடிவத்துக்குள், வந்ததும் தஞ்சையில்தான். அப்புறம் திருச்சியில் ஏ.கே.சி. நடராஜன் அந்தக் கிளாரினெட்டில் நாயனத்தின் குழைவையே கொண்டுவந்தார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நியூ ஆர்லியன்ஸ் ஜாஸின் ஆதி வாத்தியங்களில் ஒன்று கிளாரினெட். ஆக, ஒரே கருவி இரண்டு ஊரில் இரண்டு விதமாக வளர்ந்திருக்கிறது.

பாலம் போட்ட ஆட்களும் இருக்கிறார்கள். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ நாதஸ்வரம் கற்றுக்கொண்டு, 1970களில் தன் இசைத்தட்டுகளிலேயே வாசித்தார். ஜாஸையும் இந்திய இசையையும் கலந்த சக்தி குழுவில் கடம் வாசித்த விக்கு விநாயக்ராமின் பெயருக்கு முன்னால் நிற்கும் தேத்தாக்குடி, வேதாரண்யத்துக்குப் பக்கத்து ஊர். கத்ரி கோபால்நாத்தின் அப்பா நாதஸ்வரக்காரர். மகன் சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்தார். 2008இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு சேர்ந்து ஒரு தட்டும் போட்டார். முதல் நான்கு வாரங்களுக்கு இவர்களையே வைத்துக்கொண்டு ஓட்டலாம். நான் அப்படித்தான் ஓட்டினேன்.

பாட்டுப் பட்டியலுக்கு முன்னால் பஞ்சாங்கம்

புதிதாக வருகிறவர்கள் உட்கார்ந்து நூறு ஜாஸ் பாட்டுகளைப் பட்டியலிடுவார்கள். வேண்டாம். ஒரு தினசரிக் காலண்டர் வாங்குங்கள். அடுத்த மூன்று மாதத்தில் எந்தக் கோயிலில் எப்போது கொடியேற்றம், எந்த நாட்கள் முகூர்த்தம், எந்த சபாவில் என்ன கச்சேரி என்று முதலில் குறியுங்கள். யார் எங்கே வாசிக்கிறார் என்பது தெரிந்தால் அந்த வாரத்துக்கு எந்த ஜாஸ் என்பது பின்னாலேயே வரும்.

ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் கல்யாணமில்லா மாதங்கள். அம்மன் கோயில் வாசிப்பு, மார்கழி விடியற்காலை வாசிப்பு என்று வேலை இருக்கும்தான். ஆனாலும் ஊர் ஊராக வேனில் ஓட வேண்டியதில்லை என்பதால் பேட்டி எடுக்க அந்த மாதங்களே தோது. மற்ற மாதங்களில் அஷ்டமி, நவமி பார்த்துப் போங்கள். வைகாசி முகூர்த்த நாளில் போன் போட்டு “அரை மணி நேரம் பேசலாமா?” என்று கேட்டால் உங்களைப் பற்றி அவர் என்ன நினைப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தை மாதம் திருவையாறு. தியாகராஜர் ஆராதனை நடக்கும் அந்த ஐந்தாறு நாட்களில் வெளியூர் வித்வான்களெல்லாம் காவிரிக்கரைக்கே வந்துவிடுவார்கள். பஞ்சரத்னம் நேரலை அகில இந்திய வானொலியில் போய்விடும். நீங்கள் அதை நகலெடுக்க வேண்டாம். மேடைக்குப் பின்னால், டிபன் பந்தியில், ஆற்றுப் படித்துறையில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள்.

வேளை பார்த்து வாசிப்பதும் இங்கே புதிதில்லை. விடியலில் பூபாளம், சாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி. கோயில் மேளத்துக்கு அந்த முறை தலைமுறை தலைமுறையாக உண்டு. எந்தப் பாட்டுக்குப் பின்னால் எது வர வேண்டும் என்று குழம்பினால் வயதான நாயனக்காரர் ஒருவரிடம் கேளுங்கள். அரை மணி நேரத்தில் வழி காட்டிவிடுவார்.

ஜோடி சேர்ப்பது

ஒவ்வொரு வாரமும் ஓர் உள்ளூர்ப் பதிவு, அதற்குப் பக்கத்தில் ஒரு ஜாஸ். இரண்டுக்கும் நடுவில் காதுக்குப் பிடிபடும் ஒற்றுமை ஒன்று இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று போதும். “இரண்டும் ஆன்மாவின் குரல்” என்பது போல எதையாவது சொன்னால் நேயர் ரேடியோவை அணைத்துவிடுவார்.

உதாரணம் சொல்கிறேன். 1959இல் டேவ் புரூபெக் குழு பதிவுசெய்த டேக் ஃபைவ் ஐந்தெண்ணிக்கையில் போகும். அதைப் போனில் ஏற்றிக்கொண்டு ஒரு தவில்காரர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார். பியானோ ஆரம்பித்ததும் விரல் தொடையில் தட்டத் தொடங்கியது. இரண்டு சுற்று போனதும் நிறுத்தச் சொன்னார்.

“தம்பி, நம்ம கண்ட சாபு தக தகிட. இவன் தகிட தகன்னு திருப்பிப் போட்டிருக்கான். எண்ணிக்கை அஞ்சுதான்.”

“டிரம்ஸ் எப்படிண்ணே இருக்கு?”

“அவசரப்படல. நடையை விட்டுக் கொடுக்காம உள்ளுக்குள்ளேயே விளையாடுறான். நம்ம பயலுகளும் கேக்கணும் இதை.”

இந்தப் பேச்சை அப்படியே ஒலிபரப்பினேன். முன்னால் டேக் ஃபைவ், பின்னால் அவருடைய கண்ட நடைத் தனி ஆவர்த்தனம். அந்த வாரம் வந்த அழைப்புகள் முக்கால்வாசி தவில்காரர்களிடமிருந்து.

இன்னொரு ஜோடி, மூன்று நிமிடக் கணக்கு. 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் இடம். மணிக்கணக்கில் தோடி வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. 1925 முதல் 1928 வரை தன் ஹாட் ஃபைவ் குழுவோடு பதிவுசெய்த ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அடங்க வேண்டியிருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, எதை வெட்டினார்கள், எதை விடவில்லை என்று கேட்கச் சொல்லுங்கள்.

உரிமை விஷயம்

இதில் அலட்சியம் வேண்டாம். ஒரு பதிவில் இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று ஒலிப்பதிவுக்கு, இன்னொன்று பாட்டை இயற்றியவருக்கு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். இயற்றியவருக்கு அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்.

டேக் ஃபைவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் வெளியான பதிவுக்கான உரிமை இங்கே 2019 முடிவோடு போய்விட்டது. ஆனால் இயற்றிய பால் டெஸ்மண்ட் இறந்தது 1977இல். பாட்டின் உரிமை 2037 வரை இருக்கும். நம் பக்கமும் இதே கதைதான். தியாகராஜர் மறைந்தது 1847; கீர்த்தனைக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். போலகத்தில் பிறந்த பாபநாசம் சிவன் மறைந்தது 1973. அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு. உங்கள் நாயனக்காரர் அவர் கிருதியை வாசித்தால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமை உள்ள பாட்டுகளை ஒலிபரப்ப, முன்கூட்டியே அறிவித்து நிர்ணயித்த தொகையைச் செலுத்தும் வழி பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவில் இருக்கிறது. அது நிலையத்தின் வேலை. உங்கள் வேலை ஒவ்வொரு வாரமும் பட்டியலை ஒழுங்காக எழுதிக் கொடுப்பது.

வாசிப்பவருக்கும் தன் வாசிப்பின் மேல் உரிமை உண்டு. பதிவுசெய்வதற்கு முன்னால் ஒரு தாளில் எங்கே, எதற்கு, எத்தனை முறை ஒலிபரப்புவீர்கள் என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாயனக்காரரிடம் மட்டுமல்ல, தவில், தாளம், சுருதிப்பெட்டி எல்லாரிடமும். கோயிலுக்குள் என்றால் செயல் அலுவலரிடம் தனியாக எழுத்து அனுமதி. கையில் கொஞ்சம் பணமும் கொடுங்கள். நிலையத்தில் பட்ஜெட் இல்லையென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். “விளம்பரம் கிடைக்குமே” என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்துவிட்டது.

பதிவு: நாயனம் மைக்கை மன்னிக்காது

நாதஸ்வரம் வெட்டவெளிக்காகச் செய்த வாத்தியம். நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்கிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாலு வீதிக்குக் கேட்க வேண்டும் என்று செய்ததை ஆறங்குல தூரத்தில் மைக் வைத்துப் பிடிக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்று என் முதல் பதிவு சொன்னது. ஒத்திகையில் மெதுவாக ஊதிப் பார்த்தார்கள். அதற்கேற்ப அளவை வைத்தேன். திருமாங்கல்யதாரணம் வந்தது, கெட்டிமேளம் கொட்டினார்கள். அந்த முப்பது வினாடியும் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரிதான் பதிவாகியிருக்கிறது. திரும்ப எடுக்கவா முடியும்? தாலி ஒரு தடவைதானே கட்டுவார்கள்.

இப்போது நான் செய்வது இதுதான். கையடக்க ரெக்கார்டரை ஸ்டாண்டில், வாசிப்பவர் உட்கார்ந்திருக்கும்போது அவர் முகத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆறேழு அடி தள்ளி வைப்பேன். நாயனத்தின் விரிந்த வாயான அணசுக்கு நேர் எதிரே வைப்பதே இல்லை. பக்கவாட்டில் சரிவாக. தவில் ஒரு பக்கமாகத் தூக்கலாகக் கேட்டால் ரெக்கார்டரை நகர்த்துவேன், வாசிப்பவரை நகரச் சொல்ல மாட்டேன். ஒத்திகையில் “கெட்டிமேளம் கொஞ்சம் கொட்டிக் காட்டுங்கண்ணே” என்று கேட்டு, அந்த உச்சத்தில் முள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வைப்பேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. தானியங்கி ஒலியளவை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் தவில் ஓய்ந்ததும் மண்டபத்து மின்விசிறி கச்சேரிக்கு வந்துவிடும்.

கல்மண்டபத்தில் எதிரொலி அதிகம். அங்கே மட்டும் நாலு அடிக்கு நெருங்குங்கள். புறப்பாட்டில் கூடவே நடக்க வேண்டியிருக்கும். மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை, காலுக்குச் செருப்பில்லாமல் நடக்கும் பழக்கம், இரண்டும் தேவை. ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது என்று முன்னாலேயே பாருங்கள். பேட்டரி இரண்டு செட். மெமரி கார்டும் இரண்டு.

வாசிப்பவரிடம் அவருடைய நாயனம் பாரியா (நீளமானது, சுருதி தாழ்ந்தது), திமிரியா (குட்டையானது, சுருதி உயர்ந்தது), சுருதி எத்தனை கட்டை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் எந்த ஜாஸைப் போடலாம் என்று தேர்வுசெய்ய அது உதவும். சுருதி சம்பந்தமே இல்லாமல் இரண்டை ஒட்டினால் ரேடியோவில் பல்லைக் கூசும்.

மணிநேரத்தை எப்படிப் பிரிப்பது

வணக்கம் சொல்லி ஆரம்பிக்க வேண்டாம், இசையில் ஆரம்பியுங்கள். ஐந்தாறு நிமிட ஜாஸ் ஒன்று, அதற்குப் பிறகுதான் நீங்கள். ஒரு நிமிடம் பேசினால் போதும். இன்னொரு ஜாஸ். பதினைந்தாவது நிமிடத்தில் ஊர்ப்பதிவு தொடங்கி இருபது நிமிடம் போகட்டும். ராக ஆலாபனையை நடுவில் வெட்டாதீர்கள், வெட்டுவதானால் கிருதியை விடுங்கள். பிறகு வாசித்தவரோடு எட்டு நிமிடப் பேச்சு. மூன்று நிமிடம் ‘இந்த வாரம் எங்கே’. கடைசியில் நீளமான ஜாஸ் ஒன்று. விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிடம் வரை 2024இல் அனுமதி விரிந்திருக்கிறது, முன்பு 7தான். எங்களுக்கு உரக்கடையும் ஒரு பாத்திரக்கடையும் சேர்ந்து இரண்டு நிமிடம் தேறும்.

எப்படிப் பேசுவது? 1955இலிருந்து அமெரிக்கக் குரல் வானொலியில் உலகத்துக்கெல்லாம் ஜாஸ் போட்ட வில்லிஸ் கொனோவர், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகப் பேசினார். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த நாகை, வேதாரண்யம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இந்த நிதானத்தின் அருமை தெரியும். குரலைக் குழைக்காதீர்கள்.

இதில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நியூயார்க்கின் டபிள்யூகேசிஆர் நிலையத்தில் ஃபில் ஷாப் என்பவர் 1981இலிருந்து நாற்பது ஆண்டுகள், வார நாள் காலையில் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரை மட்டுமே போட்டார். தட்டு சுழன்ற நேரத்துக்கு ஈடாக, எந்தத் தேதியில் பதிவானது, டிரம்ஸில் யார், பேஸில் யார் என்று சொல்வார். கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் ஜாஸ் வானொலியில் பக்கவாத்தியக்காரரின் பெயர் சொல்லாமல் விடுவது மரியாதைக் குறைவு. நம் ஊரில்? “நாதஸ்வரம், இன்னார் குழுவினர்.” அந்தக் ‘குழுவினர்’ என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள்! இரண்டு தவில், தாளம், சுருதி, எல்லார் பெயரையும் ஊரோடு சொல்லுங்கள். முதல் தடவை தாளக்காரர் பெயர் ரேடியோவில் வந்ததும், அவர் மனைவி நிலையத்துக்கே போன் செய்து, இன்னொரு தடவை போடுவீர்களா என்று கேட்டார். அதுவரைக்கும் பேட்டிக்கு ஆள் தேடி நான் அலைந்தேன். அப்புறம் தேட வேண்டியிருக்கவில்லை.

‘இந்த வாரம் எங்கே’

இந்த மூன்று நிமிடத்துக்காகவே ரேடியோ வைக்கிறவர்கள் உண்டு. செய்தி என்று பார்த்தால் சமுதாய வானொலி, அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பத்தான் முடியும். உள்ளூர்க் கலை நிகழ்ச்சி, திருவிழாத் தகவல் செய்திக் கணக்கில் வராது. தாராளமாகச் சொல்லலாம். சுவரொட்டி, கோயில் நோட்டீஸ், ஒலிபெருக்கி வாடகைக் கடை, பந்தல்காரர். பந்தல்காரருக்குத் தெரியாமல் இங்கே எந்தக் கச்சேரியும் நடப்பதில்லை. புதன்கிழமை இவர்களையெல்லாம் ஒரு சுற்று விசாரியுங்கள். கல்யாணங்களைச் சொல்ல வேண்டாம், அது அவர்கள் வீட்டு விஷயம்.

தேதியை மட்டும் இரண்டு தடவை கேளுங்கள். நோட்டீஸில் ‘வெள்ளிக்கிழமை இரவு 1 மணிக்குப் புறப்பாடு’ என்று இருந்தது. அதைத் திருத்துவதாக நினைத்து, சனிக்கிழமை இரவு 1 மணி என்று அறிவித்துவிட்டேன். அவர்கள் சொன்னது வெள்ளி ராத்திரி விடியாத ஒரு மணி. மறுநாள் ராத்திரி முப்பது பேர் வெறும் தேரடியில் நின்றார்கள். அதில் என் மாமனாரும் ஒருவர். இப்போதெல்லாம் ‘வெள்ளி ராத்திரி, சனி விடிந்தால்’ என்று சேர்த்தே சொல்கிறேன்.

பேண்டு செட்டையும் கூப்பிடுங்கள்

நாயனக்காரர்களுக்குச் செண்டை மேளத்தின் மேலும் பேண்டு செட்டின் மேலும் மனத்தாங்கல் உண்டு. தங்கள் பிழைப்பைப் பறித்தார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஊர்வலத்தில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஊதுகிற பையன்தான் இந்த வட்டாரத்தில் ஜாஸின் வாத்தியத்தைக் கையில் வைத்திருப்பவன். அவனிடம் சினிமாப் பாட்டைக் கேட்காமல், ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு தோன்றியதை வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் வெட்கப்படுவான், பத்து நிமிடம் பொறுங்கள். ஒரே நிகழ்ச்சியில் இரண்டு தரப்பையும் உட்கார வைக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அவசரப்பட்டால் இரண்டு பேருமே வர மாட்டார்கள்.

சேமிப்பு

ஒலிபரப்பியதை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் அதற்கு மேலும் வைத்திருங்கள். நிலையத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று என்று மூன்று பிரதி. கோப்பின் பெயரில் தேதி, ஊர், நாயனம், தவில், ராகம் ஐந்தும் இருக்கட்டும். ‘புதியது2’, ‘கடைசி_கடைசி’ என்று பெயர் வைத்த பதினோரு கோப்புகளை நான் இன்னும் ஒவ்வொன்றாகக் கேட்டு அடையாளம் கண்டுகொண்டிருக்கிறேன்.

வாசித்த ஒவ்வொருவருக்கும் பென்டிரைவில் ஒரு பிரதி கொடுங்கள், எம்பி3 ஆக மாற்றி. பெரும்பாலும் அது செட்டு போகும் வேனில்தான் ஓடும். அந்த வார ஜாஸையும் அதிலேயே போட்டுத் தரலாமா என்றால், கூடாது, அந்த உரிமை நம்மிடம் இல்லை. தட்டின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள்.